பிரிக்காத பெல்ட் பார்சல்

மிக்கேல் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் ஹாக்கி மைதானத்தில் விசிலடித்துக்கொண்டிருந்தேன். அம்மா போனில் சொன்னது முதலில் காதில் விழவில்லை. இரண்டாம் முறை மெதுவாகத்தான் சொன்னாள். "மதியம் பட்டறையில வச்சே நெஞ்சு வலி வந்துருக்கு. அண்ணாச்சி போயிட்டாவ. நீ அங்கன போறேன்னுதான சொல்லிட்டுப் போன?"

அவரை உங்களுக்குத் தெரியும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடும் இடங்கள் பலவற்றில் அவர் செய்த கத்திதான் ஓடுகிறது. மிட்டாய்க் கத்திக்குக் கூர் மட்டும் போதாது. பக்கமெல்லாம் வழவழப்பாக இருக்க வேண்டும்; கீறல் இருந்தால் வெல்லப்பாகு அதில் ஏறி ஒட்டிக்கொள்ளும். அதனால் எந்த பெல்ட்டில் தீட்டுவது என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவது அல்ல (எங்கள் வீட்டில் அது என் முதுகுக்கும் பயன்பட்டது). மோட்டார் சக்கரத்தில் வளையமாக ஓடும் உப்புத்தாள் பட்டை. அறுபதாம் நம்பர் உருவம் கொடுக்க, நூற்றிருபதும் இருநூற்றிருபதும் அது போட்ட கீறலை ஆற்ற, நானூறு பளபளப்புக்கு.

கண்ணில் புரை விழுந்த பிறகு பெல்ட்டின் முதுகில் அச்சடித்த நம்பர் அவருக்குத் தெரியவில்லை. அறுபதை விரலால் தடவியே சொல்லிவிடுவார். இருநூற்றிருபதுக்கும் நானூறுக்கும் காய்த்துப்போன அந்த விரல் வித்தியாசம் காட்டாது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் போனில் ஆர்டர் போடுவேன். வந்ததைப் பிரித்து நம்பர் படிப்பேன். சும்மா படிக்க மாட்டேன். நானூறு வந்தால், "எங்க க்ளாஸ் பயலுவ எல்லாரும் சேந்து கணக்குல எடுத்த மார்க்கு" என்பேன்.

"அதுல உன் பங்கு எம்புட்டுலே?"

"நான் பங்கே கேக்கல அண்ணாச்சி. எல்லாத்தையும் அவனுவளுக்கே விட்டுக் கொடுத்துட்டேன்."

ஒருமுறை விலை குறைந்த பெல்ட்டை எடுக்கலாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அவர் தேய்ந்த பெல்ட் ஒன்றை என் கையில் கொடுத்து, "இது அறுக்காதுலே, உரசத்தான் செய்யும். உரசினா சூடு ஏறும், சூடு ஏறினா விளிம்புல நீலம் பாயும், வெட்டுனா மடங்கிரும். நீலம் பாஞ்ச இரும்பு செத்த இரும்பு" என்றார். அதன் பிறகு கத்தி தீட்டும்போது நீலம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வதும் என் வேலையானது.

பின்னொரு நாள் அவரே பார்சலைப் பிரித்து, இருநூற்றிருபதையும் நானூறையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டார். நான் டீக்கடையில் வைத்து "கலவைச் சாதம் அண்ணாச்சி வாராவ" என்று கூப்பிட்டேன். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து நான் போகாமல் ஒரு பார்சலையும் அவர் பிரித்ததில்லை. அது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

கடைசியாகப் பேசியது வெள்ளிக்கிழமை. "பார்சல் வந்துட்டுலே. மிட்டாய் மொதலாளி கத்தி திங்கக்கிழமைக்கு வேணுங்காவ. நாளைக்கு வந்துருவியா?" வாரேன் என்றேன். சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். இரண்டுக்கும் போனேன்.

அடக்கம் முடிந்து அந்தக் கத்தி முதலாளியிடம் போனது. அங்கே மிட்டாய் வெட்டும் வேலை அம்மாவுக்கு. இரண்டாவது பலகை மிட்டாய் வெட்டும்போதே விளிம்பு மடங்கிவிட்டது. முதலாளி கத்தியைப் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்து, துக்கம் கேட்க வந்திருந்தவர்களிடம் காட்டினார். "அண்ணாச்சிக்குக் கடைசில கை ஆட்டம் கண்டுட்டு. பாவம்." எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அணைந்து கிடந்த போனைப் பார்த்தேன்.

இதை எழுதுவது அதற்காகத்தான். அண்ணாச்சியின் கை ஆடவில்லை. பட்டறைக்குள் போய்ப் பார்த்தேன். மெஷினில் மொட்டையாய்த் தேய்ந்த பழைய பெல்ட் மாட்டியிருந்தது. முக்காலியில் புது பார்சல், ஒட்டின டேப் ஒட்டினபடி. சனிக்கிழமை முழுக்க எனக்காகக் காத்திருந்துவிட்டு, கொடுத்த வாக்குக்காக ஞாயிற்றுக்கிழமை அந்தச் செத்த பெல்ட்டில் கத்தியை வைத்திருக்கிறார். விளிம்பில் பாய்ந்த நீலம் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. பார்த்துச் சொல்ல வேண்டியவன் மைதானத்தில் இருந்தேன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார். கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணாச்சியின் மனைவி, மதினி, அந்தப் பார்சலை எடுத்து என் கையில் வைத்து, "நீதான் பிரிக்கணும்னு சொல்லிட்டே இருந்தாவ" என்றார்.

பிரித்தேன். அறுபது, நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு என்று வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றையும் அதனதன் ஆணியில் மாட்டினேன். மார்க் கதை சொல்லவில்லை. நாளை முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள், அந்தக் கடைசிக் கத்தியைப் பற்றிப் பேச்சு வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கத்தி என்னிடம் இருக்கிறது. விளிம்பில் அந்த நீலமும் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்கப் புது பெல்ட் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. எடுக்க மாட்டேன்.