விளாங்குடிப் பெரியப்பாவுக்கு இரண்டு பத்திரிகை

போன மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். வாழ்த்து எழுதிய வாசகர்களுக்கு நன்றி. ஆனால் அந்தக் கல்யாணத்தில் பெண் வீட்டுப் பக்கம் சாம்பார் ஊற்றக்கூட ஆள் இல்லாமல் போக இருந்தது, அதுவும் என் புண்ணியத்தில் என்பது உங்களுக்குத் தெரியாது. இந்த வாரம் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, எங்கள் அத்தை மகன். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை பிள்ளை. அதனால் இரண்டு வீட்டு அழைப்புப் பட்டியலிலும் பாதிக்குப் பாதி ஒரே ஜனம். எங்கள் பக்கத்தில் பத்திரிகையைத் தபாலில் போட்டால் மரியாதை இல்லை. வீடு தேடிப் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கோ முட்டிவலி. ஒரே வீட்டுக்கு அத்தையும் போய் அப்பாவும் போவானேன்? இரண்டிலும் இருக்கிற பெயர்களை நம் பட்டியலில் அடித்துவிட்டால் என்ன?

தல்லாகுளத்தில் எங்கள் ஆபீஸுக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஏ.சி. ரூம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். இதைக் கேட்டதும் அப்பாவுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

"செருப்பைக் கழட்டிட்டுல்ல உள்ள போறாய்ங்க... அப்பத் தப்பு வராது."

மேனேஜரிடம் "சாம்பிள் டேட்டா சார்" என்று புளுகிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பட்டியலையும் இரண்டு டேபிளாக, அதாவது அட்டவணையாக, ஏற்றினேன். ஒவ்வொன்றிலும் பெயர், ஊர். பிறகு எஸ்.க்யூ.எல். என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் கேட்டேன் – இரண்டிலும் இருப்பவர்கள் யார் யார்? பதில் வந்தது. மூன்றே பேர்!

எப்படி? அப்பா 'அழகர்' என்று எழுதிய ஆளை அத்தை 'ரைஸ்மில் அழகர்சாமி' என்று எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டருக்கு அவர் இரண்டு ஆள்.

விடுவேனா? அந்தப் பாஷையில் 'லைக்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு பட்டியலின் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் பர்சென்ட் குறி போட்டுக் கொடுத்தால், அடுத்த பட்டியலில் அந்தத் துண்டு எந்தப் பெயருக்குள் இருந்தாலும் பிடித்துக்கொண்டு வந்துவிடும். தட்டினேன். பிரின்ட்டர் கரகரவென்று ஆரம்பித்தது... நிற்கவே இல்லை. குலசாமி அழகர்கோவிலில் இருக்கும்போது எங்கள் ஜனத்தில் அழகர் இல்லாத வீடு ஏது? ஒவ்வொரு ஊர் அழகரும் எல்லா ஊர் அழகர்சாமியோடும் அழகர்ராஜாவோடும் ஜோடி சேர்ந்து வந்து விழுந்தார்கள். பேப்பர் தீர்ந்ததால் பிழைத்தேன்.

பெயர்த் துண்டோடு ஊரும் ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். நாற்பத்தொரு வீடு! அப்பாவோடு உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தொன்றையும் எங்கள் பட்டியலில் அடித்துவிட்டு அத்தை பொறுப்பில் விட்டோம்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது விளாங்குடிப் பெரியப்பா வந்து வாசலில் நின்றார். அந்த ரைஸ்மில் அழகர்சாமிதான். அப்பாவுக்குப் பெரியப்பா மகன். படி ஏறவில்லை. அம்மா நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை.

"எனக்கு மாப்ள வீட்டுப் பத்திரிகை வந்துருச்சு," என்றார்.

"தங்கச்சி வந்து அழைச்சா நான் அழைச்ச மாதிரிதானண்ணே..." என்று அப்பா இழுத்தார்.

"அதெப்படி? எந்த வீடு அழைக்குதோ அந்த வீட்டு ஆளாத்தான் வருவேன். மத்த வீட்டுலயும் பேசிட்டோம். அம்புட்டுப் பேரும் மாப்ள வீடு. மொதப் பந்தி எங்களுக்கு. எல போட மாட்டோம், தண்ணி வைக்க மாட்டோம். அப்பளம் ஒடைஞ்சிருந்தா ஏன்னு கேப்போம்!"

மண்டபம் எங்கள் பொறுப்பு. சமையல் எங்கள் பொறுப்பு. வரவேற்க, பரிமாற, ஓடியாட யார் யாரை நம்பியிருந்தோமோ, அத்தனை பேரும் எதிர்த்தரப்பு. பட்டியலில் மீதிப் பேர் ஆபீஸும் அக்கம்பக்கமும்தான். தங்கை கழுத்தில் தாலி ஏறும்போது பெண் வீடு என்று நிற்க நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம்.

"யாரு யோசனைடா இது?"

"கம்ப்யூட்டரு பெரியப்பா... ரெண்டு தடவை வந்த பேரை மட்டும்..."

"ரெண்டு பக்கமும் மொற இருக்கு, ரெண்டு தடவை வருது! பொண்ணுக்குப் பெரியப்பன், மாப்ளைக்கு மாமன். இதுல எதடா நீ அடிச்ச?"

மறுநாளே லீவு போட்டேன். ஸ்கூட்டரில் பின்னால் அப்பா, அவர் மடியில் தாம்பாளம். நான்கு நாளில் நாற்பத்தொரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் விழுந்து கும்பிட்டேன். மாடிப்படிகளில் அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

கல்யாணத்தன்று நாற்பத்தொரு வீடும் வந்தது. பெரியப்பா முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்தார். "என்னப்பா பொண்ணு வீட்டுக்காரங்களே, சாம்பார்ல உப்பு எங்க?" என்று மண்டபம் அதிரக் கேட்டார். சாப்பிட்டு எழுந்தார். கை கழுவினார். துண்டை இடுப்பில் வரிந்து கட்டி, அதே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் பந்திக்குள் இறங்கினார். அங்கே மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், உப்புக் குறைகிறதே என்று வாயைத் திறந்தார்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. எங்க வீட்டுச் சாம்பாரைக் கொறை சொல்லாமச் சாப்பிடுங்க!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சாம்பாரில் உப்பே இல்லை.