பேச்சியம்மா வழக்கும் என் ரெக்கார்டு நோட்டும்

கார்பன் பேப்பர் வாடை சோற்றிலும் ஏறும். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் புளிச்சோறு மணக்காது, கார்பன்தான் மணக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் விரல் நுனியில் அந்த நீலம் போகாது...

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் எனக்கு வேலை. வக்கீல் குமாஸ்தாக்கள் கையால் எழுதிக் கொண்டுவரும் மனுக்களை டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஒரு கல்லூரியில் சட்ட உதவியாளர் சர்டிபிகேட் கோர்ஸ். வக்கீலுக்குப் படிக்க வைக்கும் பொறுமை வீட்டில் யாருக்கும் இல்லை. இது ஒரு வருஷம்தான் என்றார்கள், சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் நாங்கள் சௌராஷ்ட்ரம் பேசுகிறவர்கள். வெளியே மதுரைத் தமிழ். வகுப்பிலோ 'மேற்படி வாதியானவர்' என்று மூன்றாவதாக ஒரு பாஷை. நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு வந்து அதைக் கேட்டால் கண் தானாகச் சொருகும். பக்கத்து சீட் கோமதி பென்சிலால் குத்தி எழுப்புவாள்.

கோர்ஸில் பெரிய வேலை ரெக்கார்டு நோட்டு. ஏதாவது ஒரு சிவில் வழக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் உட்கார்ந்து, என்ன நடந்தது, ஏன் தள்ளிப்போனது என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் பரீட்சைக்கே விடமாட்டார்கள். கோர்ட்டுக்குப் போகும் நேரத்தை, மாலையில் கூடுதலாக டைப் அடித்துக் கடையில் ஈடுகட்டுவேன். அதற்கப்புறம்தான் வகுப்பு.

கடைக்கு வரும் ராமையா என்ற குமாஸ்தா அண்ணன் ஒரு வழக்குக் கட்டைக் காட்டினார். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். பேச்சியம்மா என்ற பெண்மணி, புருஷன் இல்லாதவர். அவர் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் புருஷனின் அண்ணன் முள் வைத்து அடைத்துவிட்டார் என்று வழக்கு. சின்ன கேஸ், சீக்கிரம் முடிந்துவிடும், ரெக்கார்டுக்கு நல்லது என்றார் ராமையா அண்ணன்.

முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவும் ஒரே மாதிரி. எதிராளிக்கு அனுப்பிய சம்மன் சேரவில்லை, திரும்பி வந்துவிட்டது, அடுத்த தேதி... அவ்வளவுதான், அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்காகப் பேச்சியம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். பாதை அடைபட்டதால் எருவைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, சுற்றிக்கொண்டு வயலுக்குப் போகிறாராம். கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சொல்வார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து 'சம்மன் சேரவில்லை, ஒத்திவைப்பு' என்று எழுதுவேன். நாலாவது தடவை முந்தின பக்கத்தைப் பார்த்தே காப்பியடித்தேன்.

அன்றைக்குத்தான் இருவரும் என் புளிச்சோற்றைப் பாதி பாதியாகச் சாப்பிட்டோம். சாப்பிடும்போது அவர் சொன்னார்.

"ஆளே இல்லேன்னு எழுதி அனுப்புறாகளாம். கீழத்தெருவுல தெனமும் வாசல்ல ஒக்காந்துதான் பல்லு வெளக்குறாரு. நான் அந்தப் பக்கமாத்தானே தாயி எருக்கூடையத் தூக்கிட்டுப் போறேன்."

கீழத்தெரு... மனுவைப் பார்த்து என் நோட்டில் நான் எழுதி வைத்திருந்தது மேலத்தெரு.

ராமையா அண்ணனிடம் வழக்குக் கட்டை வாங்கிப் பார்த்தேன். அவர் கையால் எழுதிக் கொடுத்ததில் எதிராளி விலாசம் தெளிவாகக் கீழத்தெரு. டைப் அடித்த காகிதத்தில் பேச்சியம்மா விலாசமும் மேலத்தெரு, எதிராளி விலாசமும் மேலத்தெரு. 'வழக்கு' என்று வரும் இடத்திலெல்லாம் 'ழ' மட்டும் வரியை விட்டு ஒரு நூல் மேலே நின்றது. எங்கள் கடை மெஷின். அங்கே தமிழ் மெஷின் ஒன்றுதான், அதில் அடிப்பவள் நான் ஒருத்திதான்.

எந்த நாள், எந்த அசதியில் அடித்தேனோ... நினைவே இல்லை.

ராமையா அண்ணன் அதிரவில்லை. தானும் சரிபார்க்காமல்தான் கையெழுத்து வாங்கியதாகச் சொன்னார். திருத்த மனு போட்டால் தீர்ந்தது, அந்தம்மாவிடம் சொல்லத் தேவையில்லை என்றார்.

நான் சொன்னேன். சொல்லாமல் அடுத்த வாய்தாவுக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார முடியாது என்று தோன்றியது. கோர்ட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாவை நிறுத்தி, தெரு மாறியதையும் மாற்றியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

நீலம் ஏறிய என் விரலைப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா என் தலையெழுத்துன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அப்புறம், "எழுத்து ஒன்னோடதா?"

முந்தானையை உதறிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

திருத்த மனுவை நானே அடித்தேன். ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படித்தேன். கொஞ்ச நாளில் சம்மன் சேர்ந்தது, எதிராளி வக்கீலோடு வந்தார். இன்னும் சில வாய்தா இழுத்து, கடைசியில் இரண்டு தரப்பும் ராஜியாகி முள்ளை எடுத்தார்கள். அதுவரை பேச்சியம்மா வராந்தாவில் வேறு தூணோரம் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார், பேசமாட்டார். பாதை திறந்த பிறகு கோர்ட்டுப் பக்கம் வர அவருக்கு வேலையும் இல்லை.

ரெக்கார்டு நோட்டில் தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'தட்டச்சுப் பிழை. அதைச் செய்தது நான்' என்று எழுதியிருந்தேன். எங்கள் சார் படித்துவிட்டு, யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லையே, இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டேன். எதிர்த்துப் பேசும் தெம்பு அன்றைக்கு உடம்பில் இல்லை. நல்ல மார்க் வந்தது. கோமதி வாழ்த்தினாள். அந்த வாக்கியத்தை எடுத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் ஆபீஸ்களிலேயே ஓடிவிட்டது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். வாய்தா தேதி போனுக்கே வந்துவிடுகிறது. பல பேருக்கு வராந்தாவில் காத்துக் கிடக்கிற வேலை மிச்சம். நல்லதுதான், அந்தக் காத்திருப்பு யாருக்கும் வேண்டாம்...

போன வாரம் தம்பி மகள் வந்திருந்தாள். ஜூனியர் வக்கீல். ஏதோ ஒரு கேஸில் நோட்டீஸ் மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டாள். கட்சிக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவரை நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் என்றாள். ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வாயேன் என்றேன்.

எங்கே அத்தை நேரம் என்று சோபாவில் சாய்ந்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் வயசில் எனக்கும் இருந்தது.

போய்க் காபி கலந்து கொண்டுவந்தேன். அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.