ரேடியோவின் பித்தளை வளையம்

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பழைய சாமான்களின் பித்தளையை மினுக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் திமிரோடு திரிந்த தொண்ணூறுகளில் நடந்தது.

சிட்னி ஹோம்புஷில் என் நண்பன் சிவாவின் வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. திருகும் குமிழைச் சுற்றி, கறுத்துப்போன பித்தளை வளையம். சிவாவின் தாய்க்குக் கண் தெரியாது. பகல் முழுக்கத் தனியாக இருக்கும் அவருக்கு அந்த ரேடியோதான் துணை.

அவருடைய பிறந்தநாளன்று அதை மினுக்கித் தரச் சொன்னான் சிவா. வளையத்தில் ஐந்தாறு கீறல்கள் இருந்தன. குசினி மேசையில் வைத்து, சொரசொரப்பான எமரித் தாளால் ஒன்றும் மிஞ்சாமல் தேய்த்தெடுத்தேன். விருந்துக்கு வந்தவர்கள் "தங்கம் மாதிரி இருக்கு" என்றார்கள். நான் பூரித்துப்போய் நின்றேன்.

நான் அன்ரி என்று கூப்பிடும் சிவாவின் தாய் வளையத்தை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

"தம்பி, இதில இருந்த வெட்டுகள் எங்க?"

"கீறல்தானே அன்ரி, எல்லாத்தையும் எடுத்திட்டன்."

"நான் தடவித் தடவி ஸ்டேஷன் பிடிக்கிறதுக்கு என்ர மனுசன் அரத்தால வெட்டித் தந்தது அது."

"பரவாயில்லை அம்மா, நான் பின்னேரம் வேலையால வந்து ஸ்டேஷனைப் போட்டு விடுறன்" என்றான் சிவா.

"அதுவரைக்கும் நான் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

திரும்ப வெட்டித் தருகிறேன் என்றேன். "காணும் தம்பி, செய்தது போதும். இனி அதைத் தொடாதையும்" என்றார்.

பரவாயில்லை என்று லேசாகச் சொல்லிவிட்ட சிவா மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என் மீது அதைவிட அதிகம். கண் தெரியாதவருக்கு நான் கொடுத்த பரிசு வெறும் மினுக்கம். தேய்ப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.