மார்கழிக் கப்பலில்தான் போவேன்

நான்கு வருடம் கழித்து நீண்ட லீவு கிடைத்திருக்கிறது. கடல் தாண்டி ஊருக்குப் போக நாகப்பட்டினம் கப்பலுக்கு டிக்கெட் எடுக்க, இன்று காலை சவுத் பிரிட்ஜ் ரோட்டுக் கடைக்குப் போனேன்.

"மார்கழிக் கப்பல்ல ஊருக்குப் போகணும், அண்ணே."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப கடல் பேயாட்டம் ஆடும், தம்பி. தையில போங்க லா. பொங்கல், கல்யாணம்னு ஊரே களைகட்டும்."

"அந்தக் கல்யாணமே எனக்குத்தான். என்னைக் கேக்காமலே அப்பா பேசி முடிச்சிட்டாரு. மார்கழின்னா எவனும் தாலி கட்டச் சொல்ல மாட்டான். அம்மாவைப் பார்த்துட்டு, தை பொறக்குமுன்ன கப்பலேறிடுவேன்."

அவர் சிரிக்கவில்லை.

"திரும்பி வர்ற டிக்கெட்டையும் இப்பவே எடுத்துக்குங்க. நான் அதை எடுக்காமப் போய்த்தான் கல்யாணத்துல மாட்டிக்கிட்டேன்."

இரண்டையும் எடுத்துவிட்டேன். கடலில் குடலே வெளியே வந்தாலும் மாலைக்குக் கழுத்தை நீட்டமாட்டேன்.

மார்கழிக் கப்பலில் வரத் துணிந்த பிரம்மச்சாரிகள் இங்கே வேறு யார் யார்?