எல்லோரும் தோற்ற சோதனை

ஏழு பெட்டிகளும் ஒரே நேரத்தில் 'டக்' என்றன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தோட்டத்து மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே போடவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் பெட்டிகள் அவை. ஏழு கம்பெனிகள் செய்தவை. திண்டுக்கல்லில் எங்கள் சோதனைக்கூடத்துப் பொறியாளரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒவ்வொரு பெட்டியையும் கைப்பேசியால் நிறுத்தினார், கரண்ட் போனதுபோல் மெயினை இறக்கினார், கொஞ்ச நேரம் காத்திருந்து ஏற்றினார். நிறுத்தியதை மறந்துவிட்டு ஏழும் தானாக மோட்டாரைப் போட்டன. "அம்புட்டும் எந்திரிச்சிருச்சு, பாத்தீங்களா சார்?" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

இந்தப் பெட்டிகளுக்குப் பொதுவான தரவிதி எழுத அமைந்த குழுவுக்கு நான் செயலர். சோதனைகள் மேடத்தின் பொறுப்பு. சாணார்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடுவது விவசாயிக்கு வேண்டிய வசதிதான் என்று எங்களைவிட அவருக்குத் தெரியும். ஆனால் ஆள் வேண்டுமென்றே நிறுத்தியிருந்தால், பெல்ட் மாற்றக் கையை உள்ளே விட்டிருப்பான். அவனே மறுபடி போடும்வரை அது ஓடக்கூடாது. அப்படி ஒரு விதி வரைவில் இருந்தது. ஏழு கம்பெனியும் படித்துத் தலையாட்டியிருந்தன. எழுதியதற்கு யார் வேண்டுமானாலும் தலையாட்டலாம், மெயினை இறக்கி ஏற்றினால்தானே வண்டவாளம் தெரியும்.

ஒரு விதி நிலைக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு கம்பெனிப் பெட்டிகளாவது அதற்கான சோதனையில் தேற வேண்டும் என்பது குழுவின் நடைமுறை. செய்ய முடியாததை ஏட்டில் எழுதி வைக்கக்கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு. குழுக் கூட்டத்தில் தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். "எல்லாருமே ஃபெயில்னா டெஸ்ட்லதான் கோளாறு. விதியவும் சேத்து எடுத்துருவோம்." கூட்டத்துக்கு வந்திருந்த கம்பெனிக்காரர்கள் ஏழு பேரும் உடனே ஆமாம் போட்டார்கள். செய்ய முடியாததா அது? நிறுத்தியதை நினைவில் வைக்கத் துப்பில்லாத பெட்டியை விற்க அவர்களுக்கு வெட்கமில்லை. மேடம் எழுந்து நின்றார். "ஏழு பேரு சேந்து தப்புப் பண்ணா அது சரியாயிருமா? பெல்ட்டுக்குள்ள கைய விடப் போறது நீங்களா சார்?" காபி வந்தது. நான் வரைவைத் திறந்து விதியையும் சோதனையையும் அழித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமே மேடம் வேலையை விட்டுவிட்டு ஒரு பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டார்.

போன வாரம் சித்தையன்கோட்டையிலிருந்து குழுவுக்கு ஒரு கடிதம். தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மோட்டாரைக் கைப்பேசியில் நிறுத்திவிட்டுப் பெல்ட் மாட்டியிருக்கிறார். கரண்ட் போனது, வந்தது. வலது கையில் இரண்டு விரல் இல்லை. கேட்கப் போனவரிடம் பெட்டியைச் செய்த கம்பெனி எங்கள் சான்றிதழைக் காட்டியிருக்கிறது: எல்லாச் சோதனைகளிலும் தேறியது. பொய்யில்லை. இருக்கிற சோதனை எல்லாவற்றிலும் அது தேறியதுதான்.

மேடத்துக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சோத்துக் கையா?" என்று மட்டும் கேட்டார். செத்தவர்களைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தது அந்தக் குரல். பிறகு, "அந்த டெஸ்ட்டு பேப்பரு எங்கிட்ட இருக்கு, அனுப்புறேன். இந்தத் தடவையாச்சும் வாயத் தொறங்க சார்" என்று வைத்துவிட்டார்.

தரவிதிப்படி பெட்டியில் குறையில்லை என்று பதில் போடச் சொல்லியிருந்தார் தலைவர். நான் எழுதியது வேறு. இந்தக் குறையைப் பிடிக்க ஒரு சோதனை இருந்தது, ஏழு பெட்டியும் அதில் தோற்றன, அதனால் சோதனையை எடுத்துவிட்டோம், அழித்தது நான். அடியில் கையெழுத்துப் போட்டுத் தோப்புக்காரருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.