எட்டும் மூலமும் எங்கள் பிரசவ வார்டும்

பிள்ளை பெறுவது தாயின் வேலை, பிடிப்பது டாக்டரின் வேலை, மணி பார்த்துச் சொல்லித் திட்டு வாங்குவது நர்சின் வேலை. சங்கரன்கோவிலில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். என்னோடு இதே பாடுபடும் சகோதரிகளே, பிரசவ அறைக் கதவைத் திறந்ததும் நம்மிடம் வரும் முதல் கேள்வி ஆணா பெண்ணா என்பதா? “எத்தன மணி, எத்தன நிமிஷம்?” என்பதுதானே!

பத்து கிராம்

கரிவலம்வந்தநல்லூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு ஆண் குழந்தை. எடை இரண்டு கிலோ அறுநூறு. நல்ல எடைதான். ஆனால் மனிதர் முகம் சுண்டிவிட்டது. இரண்டும் ஆறும் எட்டாம், எட்டு சனியாம்.

“தராசு காட்டுறதைத்தானே எழுத முடியும்?” என்றேன். தராசைப் பற்றி அவருக்கு நான் பாடம் எடுக்கலாமா? என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஒரு வாய் பாலக் குடுத்துட்டு இன்னொருக்க நிறுத்துப் பாருங்க சிஸ்டர். பத்து கிராம் கூடுனா ஒம்பது வந்துரும்லா!”

ஏழு ஏ

எட்டாம் நம்பர் கட்டிலில் யாரும் படுக்க மாட்டேன் என்றதால், நிர்வாகம் அதற்கு ‘7-ஏ’ என்று பெயர் மாற்றியது. எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது. இளையரசனேந்தலிலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் போர்டையும் பக்கத்துக் கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகளைப் படுக்கவிடாமல் நிறுத்தினார்.

“ஏழுக்குப் பொறவு எதுன்னு சனீஸ்வரனுக்கு எண்ணத் தெரியாதாக்கும்?”

இருபது நிமிஷம்

உள்ளே ஒரு பெண் வலியில் துடிக்கிறாள். வெளியே அவள் அம்மா கதவைத் தட்டி, “ராகு காலம் முடிய இன்னும் இருபது நிமிஷம் கெடக்கு, கொஞ்சம் அடக்கிக்கிடச் சொல்லுங்க” என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது.

“எம்மா, நீ வந்து இங்கன படு! நான் வெளிய நின்னு மணி பாக்கேன்!”

பெண் மூலம்

இது மட்டும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இல்லை. மேலநீலிதநல்லூர் செல்விக்கு முதல் குழந்தை, பெண். காலை பதினொன்று பத்துக்குப் பிறந்தது. காலண்டரைப் பார்த்த மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூலம் முடியப் பத்தே நிமிஷம்தான் பாக்கி. ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று சொல்லிச் சொல்லி அழுதார். குழந்தையைத் தொடவில்லை.

“அத்த என் பிள்ளையத் தூக்கவே மாட்டாங்களா சிஸ்டர்?” என்று செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் இன்னொரு கையைப் பிடித்தார். “பதினொண்ணு இருவத்தஞ்சுன்னு எழுதிருங்கம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. எழுதித் தொலைத்துவிடலாமா என்று பேனா ஒரு நிமிஷம் தடுமாறியது உண்மை. பிறகு, “மூலத்துக்கு அடுத்தது பூராடம்லாம்மா. ‘பூராடம் நூலாடாது’ன்னு அதுக்கும் ஒரு பழமொழி வச்சிருக்கீங்களே, தாலி நிலைக்காதுன்னு. அப்ப எத்தனை மணிக்குத்தான் எழுத?” என்றேன். மாமியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு என் கையை விட்டார். பதினொன்று பத்து என்றே எழுதினேன்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த செல்வியின் மாமனார் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஏட்டி, மூலம் மாமனாருக்குல்லா ஆகாது? இவளுக்கு மாமனாரா வரப்போறவன் எந்த ஊர்ல இருக்கானோ, அவன் அழட்டும். நான் தாத்தா, எனக்கென்ன? கொண்டாங்க சிஸ்டர் எம் பேத்திய!”

பதினெட்டு வருஷத்தில் நான் கண்டது: வயிற்றில் இருக்கும்வரை பிள்ளைக்கு நட்சத்திரம் கிடையாது, தாத்தா மடியில் ஏறிய பிறகு அதை யாரும் பார்ப்பதும் கிடையாது, நடுவில் இருக்கும் கால் மணி நேரம்தான் நர்சுக்கு ஏழரைச் சனி.