துப்பாக்கியும் என்னோடு திரும்பியது

புதிதாக வாங்கிய பழைய பாயிண்ட் நாற்பத்தைந்து காலிபர் பிஸ்டலைக் காட்டவென்று மாமனாரைச் சிட்னி துப்பாக்கி சுடும் கழகத்துக்கு அழைத்துப் போனேன். முழுக்க உருக்கு என்பதால் கனம் அதிகம், சுடும்போது உதைப்புக் குறைவு. முதல் குண்டே இலக்கின் நடுவில் பட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சரியான பாரமோ தம்பி?" என்று பின்னாலிருந்து மாமா கேட்டார்.

பெரியவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஓம் மாமா" என்று திரும்பினேன். துப்பாக்கியும் என்னோடு திரும்பியது. பக்கத்தில் நின்ற சுடுதளக் கண்காணிப்பாளர் பாய்ந்து என் கையை இலக்குப் பக்கம் தள்ளினார்.

மாமாவோ, போர்க்காலத்தில் ஊரில் இராணுவச் சோதனைச் சாவடியில் நின்றதைப் போல இரண்டு கைகளையும் உயர்த்தியபடி நின்றார். நான் கூசிப்போனேன்.

இப்போது கழகத்தில் யார் கூப்பிட்டாலும் துப்பாக்கியை மேசையில் வைத்த பிறகே திரும்புகிறேன். வீட்டில் மாமா கூப்பிட்டு நான் திரும்பினாலோ, அவர் முதலில் என் கைகளைத்தான் பார்க்கிறார்.